பெனிம், செனின், ஒனுன்

ஹுசைன் அந்தப் பெரிய அலுமினியப் பாத்திரத்தைத் தன் பக்கம் இழுத்து, இரண்டு கைகளாலும் அணைத்துக்கொண்டு சொன்னார்: "பெனிம் தென்ஜெரெம்." என் பாத்திரம்.

பிறகு அதை என் வயிற்றில் இடிக்கிற மாதிரித் தள்ளி, "செனின் தென்ஜெரென்." உன் பாத்திரம்.

மூன்றாவதற்கு ஆள் வேண்டும். வாசலைக் கடந்து போன ஒரு மாலுமியின் மார்பில் பாத்திரத்தைச் சாத்தி, "ஒனுன் தென்ஜெரெஸி" என்றார். அவனுடைய பாத்திரம். உள்ளே ஆறிய பருப்பு பாதிக்கு இருந்தது. சட்டையில் தெறித்த பருப்பைத் துடைத்தபடி அந்த மாலுமி நீளமாக ஏதோ வைதுகொண்டே போனார். அந்த வசவுக்குள்ளும் ஒரு 'உன்' வந்ததை நான் கவனித்து நோட்டில் குறித்துக்கொண்டேன்.

இடம், தூத்துக்குடிக்கு எதிரே நடுக்கடலில் நங்கூரம் போட்டு நின்ற ஒரு துருக்கிக் கப்பலின் குசினி. சமையலறைக்கு எங்கள் கடற்கரையில் அதுதான் பெயர். போர்த்துக்கீசியர் விட்டுவிட்டுப் போன சொல். ஹுசைன் அந்தக் கப்பலின் சமையல்காரர். எனக்கு அப்போது இருபத்து நாலு வயது.

இந்தத் தொடரில் எங்கேயோ போகிறபோக்கில் 'எனக்குக் கொஞ்சம் துருக்கி தெரியும்' என்று எழுதிவிட்டேன். மூன்று வாசகர்கள் தபால் அட்டை போட்டு எப்படி என்று கேட்டுவிட்டார்கள். நான்காமவர் புளுகுக்கும் ஓர் அளவு வேண்டாமா என்கிறார். நான்காமவருக்காகத்தான் இந்த வாரம்.

சிவப்பு அட்டைப் புத்தகம்

எழுபதுகளின் தொடக்கம். புதுத் துறைமுகத்துக்கு முத்தையாபுரம் பக்கம் கல் கொட்டிக்கொண்டிருந்தார்களே தவிர, கப்பல் எதுவும் கரைக்கு வந்து ஒட்டாது. ஐந்தாறு மைல் தள்ளி நிற்கும். சரக்கைத் தோணிகளில் இறக்கிக் கரைக்குக் கொண்டுவர வேண்டும்.

நான் ஒரு கப்பல் ஏஜெண்ட் ஆபீசில் தற்காலிகக் குமாஸ்தா. தினமும் காலையில் லாஞ்ச் என்கிற மோட்டார் படகில் ஏறிக் கப்பலுக்குப் போவேன். தோணியில் இறங்குகிற மூட்டைகளைப் பார்த்துத் தாளில் கோடு போடுவேன். மாலையில் திரும்புவேன். கச்சான் காற்று வலுத்தால் தோணி வராது. அந்த நாட்களில் கப்பலில் உட்கார்ந்து கடலைப் பார்ப்பதுதான் உத்தியோகம். கடலை எத்தனை நாள்தான் பார்ப்பது?

சாத்தான்குளத்திலிருந்து வந்த எனக்குக் கடல் மயக்கத்தைவிடச் சோம்பல்தான் பெரிய தொந்தரவு. ஆங்கிலம் வழியாகத் துருக்கி கற்பிக்கிற ஒரு சிவப்பு அட்டைப் புத்தகம், கடற்கரைச் சாலையில் பழைய கப்பல் சாமான் விற்கிறவரிடம், ஒரு உடைந்த திசைகாட்டிக்கு அடியில் கிடந்தது. துருக்கிக் கப்பல் வந்து நின்ற வாரம் அது கண்ணில் பட்டது. வாங்கிவிட்டேன். ஆபீசில் மறுநாளே 'துருக்கித் துரை' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

இரண்டு முனையிலும் முடிச்சு

கற்க விரும்புகிறவர்களுக்காக, ஹுசைனின் பாத்திரத்தைக் கொஞ்சம் நிறுத்தி வைத்துப் பார்ப்போம்.

தமிழில் 'என் வீடு' என்றால் 'என்' மட்டும் போதும். வீட்டுக்கு ஒன்றும் ஆவதில்லை. என் வீடு, உன் வீடு, அவன் வீடு. எல்லாம் அதே வீடுதான். துருக்கியில் உடையவனும் மாறுவான், உடைமையும் மாறும். எவ் என்றால் வீடு. பெனிம் எவிம், என் வீடு. செனின் எவின், உன் வீடு. ஒனுன் எவி, அவன் வீடு. இந்த முனையில் ஒரு முடிச்சு, அந்த முனையில் ஒரு முடிச்சு. சாக்கை இரண்டு பக்கமும் தைக்கிற மாதிரி.

முடிச்சு அவ்வளவு பலமாக இருப்பதால் முன்னால் உள்ள 'பெனிம்' இல்லாமலே பேச்சு நடக்கும். வெறும் 'எவிம்' என்றாலே என் வீடுதான். 'பெனிம்' சேர்த்துச் சொன்னால் அழுத்தம்: வேறு யாருடையதும் அல்ல, என்னுடையது.

சொல் உயிரெழுத்தில் முடிந்தால் மூன்றாவது ஆளுக்கு மட்டும் நடுவில் ஒரு 'ஸ்' நுழையும். தென்ஜெரெஸி அப்படி வந்ததுதான். கப்பலுக்கு கெமி. அவனுடைய கப்பல், கெமிஸி. கடைசி உயிரும் சும்மா இராது. முன்னால் இருக்கிற ஓசையைப் பார்த்துத் தானும் வாயைக் குவிக்கும், விரிக்கும். என் வீடு எவிம், ஆனால் என் கை கொலும். இதை விதியாகப் படித்தால் தலை வலிக்கும். வாய் பழகிவிட்டால் தானே வரும்.

சட்டைப் பைக்கு அவர்கள் சொல் 'ஜெப்'. நம்முடைய ஜேபிதான்! என் ஜேபி, ஜெபிம். இதைக் கண்டுபிடித்த அன்று நானும் ஹுசைனும் ஒருவர் ஜேபியை ஒருவர் தட்டித் தட்டிச் சிரித்தோம். ஜெபிம், ஜெபின், ஜெபி. இரண்டு ஜேபியிலும் ஒன்றும் இல்லை.

இன்னொரு வசதி. ஒனுன் என்றால் அவனுடைய, அவளுடைய, அவருடைய, அதனுடைய. எல்லாவற்றுக்கும் ஒரே சொல். ஆண், பெண், மரியாதை, மாடு எதுவும் பார்ப்பதில்லை. சாத்தான்குளத்தில் இப்படிப் பேசினால் உதைதான் கிடைக்கும்.

நம்ம, எங்க

ஆனால் ஓரிடத்தில் நான் ஹுசைனை மடக்கிவிட்டேன்.

பிஸிம் என்றால் 'நம்முடைய' என்றார். என்னையும் சேர்த்தா, சேர்க்காமலா என்று கேட்டேன். சைகையில்தான். அவருக்குக் கேள்வியே புரியவில்லை. நான் எங்கள் இருவரையும் சுற்றி ஒரு வட்டம் போட்டேன், நம்ம. பிறகு அவரையும் இன்னொரு மாலுமியையும் மட்டும் சுற்றி வட்டம் போட்டு, என்னை வெளியே நிறுத்திக் காட்டினேன், எங்க. அவர் இரண்டு வட்டத்துக்கும் "பிஸிம், பிஸிம்" என்றார். ஆங்கிலத்துக்கும் அந்தப் பாக்கியம் இல்லை. தமிழில் ஒரே சொல்லில் ஒருவரை உள்ளே அழைக்கலாம், வெளியே தள்ளலாம்.

பள்ளிக்கூடத்தில் ஆறாம் வேற்றுமை படித்தபோது உடைமையை இரண்டாகப் பிரித்து மனப்பாடம் செய்தோம். என் கை என்பது தற்கிழமை. அது என்னைவிட்டுப் பிரியாது. என் வீடு என்பது பிறிதின் கிழமை. அது இன்றைக்கு என்னுடையது, நாளைக்கு யாருடையதோ. துருக்கியில் இந்தப் பிரிவினை இல்லை. கைக்கும் வீட்டுக்கும் ஒரே முடிச்சு. மனைவி எந்தக் கிழமை என்று வகுப்பில் கேட்டு பெஞ்சு மேல் நின்றவன் நான்.

இப்படியே பத்துப் பன்னிரண்டு நாள் போயிற்று. ஹுசைன் நல்ல மனிதர். எனக்கு ரொட்டி தருவார். ஒரு துண்டு கீழே விழுந்தால் குனிந்து எடுத்து, முத்தி, நெற்றியில் வைத்துவிட்டு உயரத்தில் ஓரமாக வைப்பார். அதைக் காலில் மிதிக்க விடமாட்டார்கள். அந்தக் கப்பலில் எல்லோருமே அப்படித்தான். நான் அதை ஒரு வேடிக்கையாகப் பார்த்தேனே தவிர, மனதில் வாங்கிக்கொள்ளவில்லை.

சிந்தியது யாருக்கு?

கப்பலில் வந்தது கோதுமை. மூட்டைகளைத் தொழிலாளர் கொக்கி போட்டு இழுப்பார்கள். கொக்கி பட்ட சாக்கு கிழியும். கிழிந்த சாக்கு, விஞ்சு என்கிற பாரந்தூக்கியில் ஏறித் தோணிக்குள் இறங்குகிற வரை வழியெல்லாம் சிந்தும்.

சிந்தியது தோணிக்காரனுக்கு. இது தூத்துக்குடியில் எழுதாத சட்டம். வேலை முடிந்ததும் தோணியின் தண்டல், அதாவது தோணியை நடத்துகிற தலைவர், ஒரு விளக்குமாறோடு கப்பலில் ஏறுவார். மேல்தளத்தில் சிந்தியதைக் கூட்டிச் சாக்கில் அள்ளிக்கொண்டு இறங்குவார். ஏஜெண்டுக்குத் தெரியும், தோணி முதலாளிக்குத் தெரியும், எனக்கும் தெரியும். வழக்கமாக வருகிற கப்பல்காரர்களுக்கும் தெரியும். தளம் சுத்தமாகிறதே என்று அவர்களுக்குச் சந்தோஷம்தான்.

எங்கள் தோணியின் தண்டல் சவரிமுத்து. ஐம்பது வயதிருக்கும். கட்டையான உடம்பு, கழுத்தில் மாதா படம் தைத்த உத்தரியக் கயிறு. கடலில் இறங்குவதற்கான பாஸை எண்ணெய்த் துணியில் சுற்றி இடுப்பில் செருகியிருப்பார். அந்தப் பாஸ் போனால் தோணியில் கால் வைக்க முடியாது. தகப்பன் காலத்திலிருந்து அந்த வீட்டில் தோணியைத் தவிர வேறு பிழைப்பு கிடையாது.

அவருக்கு ஒரு பழக்கம். அள்ளியதும் சாக்கின் மேல் சிலுவை போடுவார். பிறகு முதல் பிடியை அள்ளி, மாதாவை நினைத்துக் கடலில் எறிவார். கடல் வழியாக வந்தது. கடலுக்குக் கொடுக்காமல் வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாதாம். மற்றத் தண்டல்கள் எல்லாம் இதைச் செய்வதில்லை.

முதல் பிடி

அன்று மாலை வெயில் இறங்கியிருந்தது. கடைசி மூட்டையும் தோணிக்குள் போய்விட்டது. சவரிமுத்து கூட்டி அள்ளினார். அரைச் சாக்குக்கும் குறைவு. சிலுவை போட்டார். ஒரு பிடி அள்ளிக் கடலில் வீசினார்.

அதைப் பார்த்தபடி மேலே சுக்கான் அறையிலிருந்து இறங்கி வந்தார் கப்பலின் இரண்டாம் அதிகாரி. இளவயசு, அந்தக் கப்பலில் புதிது, எங்கள் கரைக்கு முதல் தடவை. கூட்டி அள்ளுகிற நேரத்தில் அவர் அந்தப் பக்கம் வந்தது அன்றுதான். ரொட்டித் துண்டைக்கூட நெற்றியில் ஒற்றுகிற ஊர்க்காரர். அவர் கண்ணில் பட்டது இதுதான்: ஒருவன் கப்பலின் கோதுமையைத் திருடுகிறான், திருடியதைக் கடலிலும் வீசுகிறான். திருட்டைக்கூட அவர் பொறுத்திருப்பார் என்று இப்போது நினைக்கிறேன்.

பாய்ந்து வந்து சவரிமுத்துவின் சட்டையைப் பிடித்தார். ஆங்கிலத்தில் அவருக்கு இரண்டே சொல் வந்தது. "தீஃப்! போலீஸ்!"

சவரிமுத்து முதலில் சிரித்தார். ஏதோ விளையாட்டு என்று நினைத்துவிட்டார். பிடி இறுகியதும் சிரிப்பு போய்விட்டது.

"தம்பி, இவன் என்னமோ கத்துதான். என்னன்னு கேளுங்க" என்றார் என்னிடம்.

தோணியில் நாலு பேர் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒருவன் மட்டும், "சிந்துனது நமக்குத்தானே, இவனுக்கு என்ன வந்துச்சு?" என்றான். அதுவும் தனக்குள்.

"உங்களுக்குத்தான் அவன் பாஷ தெரியுமே தம்பி. சிந்துனது தோணிக்குன்னு ஒரு வார்த்த சொல்லுங்க. இல்லன்னா என் பாஸப் புடுங்கிருவானுவ."

சத்தம் கேட்டு ஹுசைன் வெளியே வந்திருந்தார். அவர்தான் என்னைக் காட்டி, இவனுக்குத் துருக்கி தெரியும் என்று அதிகாரியிடம் சொன்னார். பெருமையாகத்தான் சொன்னார். அவருடைய மாணவன் அல்லவா?

அதிகாரி என் பக்கம் திரும்பினார். சாக்கைக் காலால் அல்ல, கையால் சுட்டிக் கேட்டார்.

"பு கிமின்?" இது யாருடையது?

நான் பேசிய துருக்கி

இதைவிட எளிதான கேள்வியை எந்தப் புத்தகமும் கேட்காது. பதில் ஒரே சொல், ஒனுன். அவருடையது. பன்னிரண்டு நாளாகப் பாத்திரத்தையும் கரண்டியையும் வைத்து நூறு தடவை சொன்ன சொல். சொல்லிவிட்டு மேற்கொண்டு சைகையில் விளக்கியிருக்கலாம். ஹுசைன் பக்கத்தில் இருக்கிறார். மீதியை அவர் பார்த்துக்கொண்டிருப்பார்.

எனக்கு வேலை நிரந்தரமாகவில்லை. கப்பல் புறப்படும்போது ஏஜெண்ட் ஆபீசைப் பற்றிக் கப்பலிலிருந்து ஒரு வரி எழுதிக் கொடுப்பார்கள். அந்த அதிகாரி கையெழுத்துப் போடுகிற தாளில் என் பெயர் திருடனுக்குப் பரிந்து பேசியவன் என்று வந்துவிட்டால்? இதை நின்று யோசித்தேன் என்று சொல்ல முடியாது. யோசிக்கவே இல்லை. பயந்துவிட்டேன்.

"பில்மியோரும்" என்றேன். தெரியாது.

அவர் நம்பவில்லை. துருக்கி தெரியும் என்கிறார்களே, எத்தனை காலமாக இந்தக் கரையில் வேலை செய்கிறாய் என்கிற மாதிரி ஏதோ கேட்டார். முழுக்கப் புரியவில்லை. கையிலிருந்த கணக்குத் தாளைக் காட்டி, "கிளார்க்" என்றேன். அதன்பிறகு இந்த வாக்கியத்தையும் சொன்னேன்:

"பெனிம் இஷிம் தெயில்."

இஷ் என்றால் வேலை. இது என் வேலை அல்ல. முன்னால் ஒரு 'என்', பின்னால் ஒரு 'என்', இரண்டு முனையும் சரியாகக் கட்டி, அழுத்தத்துக்கு வேண்டிய 'பெனிம்' சேர்த்து, ஒரு பிழையும் இல்லாமல் வந்தது. புத்தகத்தையும் நோட்டையும் பார்க்காமல் நான் சொன்ன முதல் முழு வாக்கியம் அது.

அதிகாரி தலையசைத்தார். ஹுசைன் என்னைப் பார்த்தார். "அயிப்" என்று ஒரே ஒரு சொல் சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய்விட்டார். அந்தச் சொல் என் நோட்டில் இல்லை. ஆனாலும் வெட்கக்கேடு என்றுதான் சொல்கிறார் என்பது புரிந்துவிட்டது.

புகார் தோணி முதலாளிக்குப் போயிற்று. அவர் கப்பல்காரரைப் பகைத்துக்கொள்ள விரும்பவில்லை. சவரிமுத்துவை நிறுத்திவிட்டுப் பாஸைத் திருப்பி வாங்கிக்கொண்டார். ஒரு வாரத்தில் கப்பல் புறப்பட்டது. அதுவரை ஹுசைன் எனக்கு ரொட்டி கொடுக்கத் தவறவில்லை. பாத்திரத்தை மட்டும் என் பக்கம் தள்ளவே இல்லை.

அந்த மாதக் கடைசியில் என் வேலை நிரந்தரமாயிற்று.

முத்தையாபுரத்தில் ஒரு காப்பி

ஒரு வருஷத்துக்கு மேல் இருக்கும். வாடகைக்கு வீடு பார்க்க முத்தையாபுரம் போயிருந்தேன். பஸ்ஸிலிருந்து இறங்கினால் எதிரே சவரிமுத்து. உப்பளத்தில் சுமக்கிறாராம். உப்பு அரித்துப் பாதமெல்லாம் வெடித்திருந்தது. நான் பார்க்காத மாதிரி போய்விடப் பார்த்தேன். முடியவில்லை.

"ஏ தம்பி! சாமுவேல் தம்பி!" கையைப் பிடித்துக்கொண்டார். "நம்ம வீடு இந்தா, இங்கனதான். வந்து ஒரு வா காப்பி குடிக்காமப் போவக் கூடாது."

ஓலை வேய்ந்த ஒரே அறை. அவர் மனைவி அந்தோணியம்மாள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"ஏளா, இவியதான்" என்றார் சவரிமுத்து. "அன்னைக்குத் துருக்கிக்காரன்கிட்ட எனக்காவ வாதாடுன தம்பி."

எனக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை.

"நம்ம ஆளுவ நாலு பேரு கீழ நின்னானுவ. ஒருத்தன் வாயத் தொறக்கல. இவிய ஒத்தையில நின்னு அவன் பாஷையிலயே பேசுனாவ. அவன் கேக்கான், இவிய விடாம பதில் சொல்லுதாவ. அவன் கல்லு மனசுக்காரன், கேக்கல. அதுக்கு இவிய என்ன செய்வாவ?"

அந்தோணியம்மாள் கும்பிட்டார். "தெனமும் செவமாலையில உங்க பேரையும் சேத்துத்தான் சொல்லுதோம் தம்பி. உங்க சபையில செவமால கெடையாதுன்னு தெரியும். இருந்தாலும் மாதா கேப்பா."

கருப்பட்டிக் காப்பி வந்தது. குடித்தேன். உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் எனக்குக் கிடைத்திருக்காது. சொல்லவில்லை. வெட்கமாக இருந்தது. இதை எழுதும்போதும் இருக்கிறது. ஒரு வருஷமாக என் பெயர் அந்த வீட்டில் தினமும் சாமிக்கு முன்னால் சொல்லப்பட்டிருக்கிறது. சொல்லிவிட்டால் அவருக்கு அந்த நாளிலிருந்து மிஞ்சிய ஒரே நல்லதும் போய்விடும் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். அது காரணம் இல்லை. அன்றும் பயந்தேன், அவ்வளவுதான்.

"தம்பி, அன்னைக்கு என்ன சொன்னிய? அதத் திரும்பச் சொல்லுங்க. துருக்கி பேசுனாவன்னா இவ நம்ப மாட்டேங்கா."

இரண்டு பேரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம். பாத்திரம், வீடு, ஜேபி, எத்தனையோ தெரியும். அந்த நேரத்தில் ஒன்றுதான் வாயில் வந்தது.

"பெனிம் இஷிம் தெயில்."

"அப்பிடின்னா?" என்றார் அந்தோணியம்மாள்.

"இது அவரோடதுன்னு அர்த்தம்" என்றேன்.

சவரிமுத்து கண்ணை மூடிக்கொண்டு அதை இரண்டு தடவை மெல்லச் சொல்லிப் பார்த்தார். உச்சரிப்பு என்னுடையதைவிடச் சுத்தமாக இருந்தது.